மழைக்கு முன்னாடி அம்மாவுக்கு ஒரு ஊசி: பட்ஜெட்ல யாரும் எழுதாத வரி

மாச பட்ஜெட்டுக்கு எக்செல் ஷீட் வெச்சிருக்கிறவங்க அதை ஒரு நிமிஷம் திறங்க. வாடகை, இ.எம்.ஐ., எஸ்.ஐ.பி., டெர்ம் இன்சூரன்ஸ், ஊருக்கு அனுப்புற பணம் எல்லாம் வரிசையா இருக்கும். பைக் இன்சூரன்ஸ்கூட இருக்கும். இப்போ ஊர்ல படுத்த படுக்கையா இருக்கிற ஆயாவைத் தனி ஆளா பார்த்துக்கிற உங்க அம்மா பேர்ல அந்த ஷீட்ல என்ன இருக்கு?

பெரும்பாலான வீடுகள்ல ஒண்ணும் இருக்காது. ஆயாவோட டயப்பருக்கு வரி இருக்கும், மாத்திரைக்கு இருக்கும், சுகர் ஸ்ட்ரிப்புக்கு இருக்கும். அந்த டயப்பரை மாத்துற கைக்கு இருக்காது. (கடலூர், சிதம்பரம் பக்கம் நிறைய வீட்டுல பாட்டியை ஆயான்னுதான் கூப்பிடுவோம். நீங்க பாட்டின்னே படிச்சுக்கோங்க. சில வீட்டுல அது பக்கவாதம் வந்த அப்பாவா இருக்கும், டயாலிசிஸ்ல இருக்கிற மாமாவா இருக்கும். கணக்கு ஒண்ணுதான்.)

இன்னைக்கு நான் பேசப் போறது ஒரே ஒரு செலவைப் பத்தி. வீட்டில் நோயாளியையோ வயசானவரையோ சம்பளம் இல்லாம பார்த்துக்கிறவங்களுக்கு, வருஷத்துக்கு ஒரு தடவை, வடகிழக்குப் பருவமழைக்கு முன்னாடி ஒரு ஃப்ளூ தடுப்பூசி. இந்த வருஷம் அதுக்கான பணத்தை உங்க சம்பளத்துல இருந்து நீங்க கட்டணும். சீக்கிரமே அரசாங்கம் கட்டுற நிலைமை வரணும். இது என் கருத்து. ஒத்துக்காதவங்களும் கடைசி வரைக்கும் படிங்க, நடுவுல உங்களுக்குச் சாதகமான ஒரு கணக்கும் இருக்கு.

லீவு இல்லாத வேலை

உங்களுக்குக் காய்ச்சல் வந்தா என்ன பண்ணுவீங்க? சிக் லீவ் போடுவீங்க. மாசம் 21,000 ரூபாய்க்குள்ள சம்பளம் வாங்கி இ.எஸ்.ஐ.-ல இருக்கிறவங்களா இருந்தா, டாக்டர் சான்றிதழ் கொடுத்தா சம்பளத்துல 70 சதவீதத்தை வருஷத்துக்கு 91 நாள் வரைக்கும் வாங்கலாம். நோய் வந்தா ஒரு தொழிலாளிக்கு ஓய்வும் பணமும் வேணும்னு நாடு சட்டமே போட்டிருக்கு.

அம்மாவுக்குக் காய்ச்சல் வந்தா? 102 டிகிரி இருந்தாலும் விடியக்காலை எழுந்து ஆயாவைத் திருப்பிப் படுக்க வைக்கணும். திருப்பலைன்னா படுக்கைப் புண் வரும். கஞ்சி கரைச்சு, தலையைத் தூக்கிப் பிடிச்சு, புரையேறாம ஊட்டணும். ஊட்டுறப்போ ரெண்டு பேர் முகத்துக்கும் நடுவுல ஒரு அடிகூட இருக்காது. அதாவது ஃப்ளூ வந்த ஆள், ஃப்ளூ வரவே கூடாத ஆளுக்கு மிக நெருக்கத்துல நிற்கிற வேலை அது. மாஸ்க் போட்டுக்கலாம், கை கழுவலாம். தள்ளி நிற்க மட்டும் முடியாது.

மத்திய அரசின் 2024-ம் ஆண்டு நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பில் ஒரு விவரம் இருக்கு. 15 முதல் 59 வயசுக்குள்ள இருக்கிற பெண்கள்ல 41 சதவீதம் பேர் வீட்டில் உள்ளவங்களைப் பராமரிக்கிற வேலையில் ஈடுபடுறாங்க. அப்படி ஈடுபடுறவங்க அதுக்காக ஒரு நாளைக்குச் செலவிடுற நேரம் சராசரியா 140 நிமிஷம். ஆண்கள்ல 21.4 சதவீதம் பேர், 74 நிமிஷம். இதுல குழந்தை வளர்ப்பும் சேர்த்திதான். படுக்கையில் ஒருத்தர் இருக்கிற வீட்டுக்கு 140 நிமிஷம்னு சொன்னா அம்மா சிரிப்பாங்க. காலை வேலையே அவ்வளவு நேரம் பிடிக்கும்.

நம்ம ஊர் குளிர்காலம்

ஃப்ளூ சீசன்னு கூகுள் பண்ணினா பனி கொட்டுற படமா வரும். நமக்கு அது பொருந்தாது. இந்தியாவுல பல நகரங்கள்ல இன்ஃப்ளூயன்ஸா தென்மேற்குப் பருவமழையோடு ஜூலை, ஆகஸ்ட், செப்டம்பர்ல ஏறும். ஸ்ரீநகர்ல ஜனவரியில் இருந்து மார்ச் வரைக்கும். சென்னை, வேலூர்ல செஞ்ச ஆய்வுகள் அக்டோபர், நவம்பரைக் காட்டின. அதாவது வடகிழக்குப் பருவமழைதான் நம்ம சீசன். கடலூரும் சிதம்பரமும் அதே மழையில்தான் நனையுது.

அந்த மழை நம்ம மாவட்டத்துக்கு வெறும் மழை இல்லைன்னு உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. 2011 டிசம்பர் 30-ம் தேதி தானே புயல். 2015 நவம்பர், டிசம்பர் வெள்ளம். 2024 நவம்பர் 30-ம் தேதி ஃபெஞ்சல் கரையைக் கடந்துச்சு. ரெண்டு நாள் கழிச்சு, சாத்தனூர் அணையில் திறந்த தண்ணீர் தென்பெண்ணையில் வந்து கடலூர்ல பல தெருக்களுக்குள்ள புகுந்துச்சு. சிதம்பரத்துக்குத் தெற்கே கொள்ளிடக்கரையில் பெராம்பட்டு, கீழகுண்டலபாடி மாதிரி ஊர்க்காரங்களுக்கு ஆத்துல தண்ணி திறந்தாலே தெரியும், வீட்டை விட்டு எப்போ கிளம்பணும்னு.

இப்போ இதையும் அதையும் சேர்த்துப் பாருங்க. நவம்பர் கடைசி. மூணு நாளா மழை. கரண்ட் இல்ல. தெருவுல முழங்கால் தண்ணி. ஆயாவைக் கட்டிலோட தூக்கினாத்தான் வெளியே கொண்டு போக முடியும். அம்மாவுக்கு அன்னைக்குத்தான் உடம்பு அனலா கொதிக்குது, எழுந்து நிற்க முடியல. நீங்க சென்னையிலயோ பெங்களூர்லயோ இருக்கீங்க. விழுப்புரம் வரைக்கும்தான் ரயில்னு அறிவிச்சிருக்காங்க. ஜிபேயில் பத்தாயிரம் அனுப்பலாம். அனுப்பி?

எமர்ஜென்சி ஃபண்ட்னு நாம பேசுறப்போ எல்லாம் பணத்தைத்தான் சொல்றோம். இந்த மாதிரி நாள்ல பணத்தால வாங்க முடியாத ஒரே பொருள் இன்னொரு ஆள்.

நீங்க கொண்டு போற பார்சல்

இதுல ஒரு சங்கடமான விஷயம் இருக்கு. கிருமியை வீட்டுக்குக் கொண்டு வர்றது பெரும்பாலும் அம்மா கிடையாது. அவங்க தெருமுனைக் கடையைத் தாண்டிப் போயே மாசக்கணக்கா ஆகியிருக்கும். வெளியூர்ல இருந்து வர்றது நாமதான்.

2025-ல் தீபாவளி அக்டோபர் 20, திங்கட்கிழமை வந்துச்சு. வடகிழக்குப் பருவமழை தொடங்குற சராசரித் தேதியும் அக்டோபர் 20 வாக்கில்தான். வெள்ளிக்கிழமை ராத்திரி ஆபீஸ் முடிச்சு, கிளாம்பாக்கத்துல மூணு மணி நேரம் கூட்டத்துல நின்னு, ஜன்னலைச் சாத்தின பஸ்ல கடலூர் வருவீங்க. இல்லைன்னா எழும்பூர்ல ஏறி அன்ரிசர்வ்டுல சிதம்பரம். ஃப்ளூ கிருமி உள்ளே போனதுல இருந்து காய்ச்சல் வர 1 முதல் 4 நாள் ஆகும். காய்ச்சல் தெரியறதுக்கு ஒரு நாள் முன்னாடியே அது அடுத்தவங்களுக்குப் பரவ ஆரம்பிச்சிடும். அதனால சனிக்கிழமை நல்லா இருக்கிற நீங்க, ஆயா பக்கத்துல உட்கார்ந்து கையைப் பிடிச்சுப் பேசிட்டு, தீபாவளி அன்னைக்குத் தொண்டை கரகரக்குதுன்னு சொல்லுவீங்க. மார்கழியில் நடராஜர் கோயில் ஆருத்ரா தரிசனத்துக்கு வீடு நிறைய உறவுக்காரங்க வந்து தங்குறப்பவும் இதே கதைதான்.

அதனால அம்மாவுக்கு ஊசின்னு நான் சொல்றப்போ, அடிக்கடி ஊருக்குப் போற நீங்களும் அந்தக் கணக்குல உண்டு. உங்களுக்கு அதிர்ஷ்டம் இருந்தா அது இலவசம்கூட. பெரிய கம்பெனிகள் சிலது வருஷா வருஷம் ஆபீஸ்லயே ஃப்ளூ ஊசி கேம்ப் போடுது. சில இடத்துல குடும்பத்தினருக்கும் குறைஞ்ச விலையில் உண்டு. எச்.ஆர். மெயிலைத் திறக்காமயே ஆர்க்கைவ் பண்றவங்க ஒரு தடவை தேடிப் பாருங்க. கேம்ப் இல்லைன்னா கேளுங்க. யோகா மேட்டும் தண்ணி பாட்டிலும் கொடுக்கிற பட்ஜெட்ல இதையும் கொடுக்கலாம்.

கணக்கு போட்டா லாபமா?

இப்போ நம்ம வேலைக்கு வருவோம். பெரியவங்களுக்கான ஃப்ளூ ஊசி தனியார்ல பொதுவா 1,500 முதல் 2,500 ரூபாய்க்குள்ள வரும். பிராண்டையும் டாக்டர் ஃபீஸையும் பொறுத்து மாறும். உதாரணத்துக்கு 1,800 ரூபாய்னு வெச்சுக்குவோம்.

ஒரு வருஷத்துல பெரியவங்கள்ல 100 பேர்ல 5 முதல் 10 பேருக்கு ஃப்ளூ வரும்னு உலக சுகாதார நிறுவனம் சொல்லி வந்திருக்கு. 10 பேர்னே எடுத்துக்கலாம். ஊசியில் இருக்கிற ரகமும் ஊர்ல சுத்துற ரகமும் நல்லா பொருந்தின வருஷத்துல, ஃப்ளூவுக்காக டாக்டர்கிட்ட போற வாய்ப்பு 40 முதல் 60 சதவீதம் குறையும். பாதின்னு வைப்போம். அப்படின்னா 100 அம்மாக்களுக்கு ஊசி போட்டா 5 பேருக்கு ஃப்ளூ தடுக்கப்படும். செலவு 1,80,000 ரூபாய். ஒரு ஃப்ளூவைத் தடுக்க 36,000 ரூபாய்.

தடுக்கலைன்னா என்ன செலவு? அம்மா ஒரு வாரம் படுத்தா, ஆயாவைப் பார்த்துக்க ஆள் போடணும். ஒரு நாளைக்கு 800 ரூபாய்னு வெச்சா 5,600. நீங்க மூணு நாள் சம்பளமில்லாத லீவ் போட்டா, 30,000 சம்பளத்துல 3,000 போச்சு. டாக்டர், மாத்திரை, பஸ் எல்லாம் சேர்த்து ஒரு 2,000. மொத்தம் 10,600.

10,600 ரூபாய் நஷ்டத்தைத் தடுக்க 36,000 ரூபாய். நான் முதல்ல சொன்ன, உங்களுக்குச் சாதகமான கணக்கு இதுதான். சராசரி பார்த்தா இது லாபம் கிடையாது. யாராவது வீடியோவுல "1,800 போட்டு ஒரு லட்சம் மிச்சம் பண்ணுங்க"ன்னு தம்ப்நெயில் வெச்சா நம்பாதீங்க.

ஆனா டெர்ம் இன்சூரன்ஸும் சராசரி பார்த்தா லாபம் இல்லையே? 30 வயசுல பாலிசி எடுத்தவங்கள்ல பெரும்பாலானவங்க 60 வயசுல உயிரோடதான் இருப்பாங்க, கட்டின பிரீமியம் திரும்ப வராது. அது தெரிஞ்சுதான் கட்டுறோம். ஏன்னா வரக்கூடிய அந்த ஒரு கெட்ட நிலைமையை நம்மால தாங்க முடியாது. இங்கே அந்தக் கெட்ட நிலைமை அம்மாவோட ஒரு வாரக் காய்ச்சல் இல்லை. அது ஆயாவுக்குப் போய், நுரையீரல்ல சளி கட்டி நிமோனியா ஆகிறது. தனியார் ஐசியூவுல மூணு நாள் இருந்தாலே அந்த 36,000 தாண்டிடும். பத்து நாள் இருந்தா உங்க எமர்ஜென்சி ஃபண்ட் காலி. பணத்தை விடுங்க. 80 வயசுல நிமோனியா வந்தவங்க எல்லாரும் வீட்டுக்குத் திரும்புறதில்லை.

சரி, அப்போ ஆயாவுக்கே ஊசி போட்டா போதாதான்னு கேட்பீங்க. ஆயாவுக்கும் போடணும், முதல்ல அவங்களுக்குத்தான். ஆனா வயசு ஏற ஏற உடம்பு தடுப்பூசிக்குக் காட்டுற எதிர்வினை குறையும். அதனால சுத்தி இருக்கிறவங்களுக்கும் போட்டு ஒரு வேலி கட்டுறாங்க. இந்த வேலி எவ்வளவு பலமானதுன்னு மருத்துவ உலகத்துல இன்னும் சண்டை இருக்கு. ஸ்காட்லாந்துல 1997-லயும் 2000-லயும் வெளியான ரெண்டு ஆய்வுகள், முதியோர் மருத்துவமனைகள்ல ஊழியர்களுக்கு ஃப்ளூ ஊசி போட்ட இடங்கள்ல முதியவர்கள் இறப்பு குறைஞ்சதுன்னு சொல்லுச்சு. பின்னாடி எல்லா ஆய்வுகளையும் சேர்த்துப் பார்த்தவங்க, ஆதாரம் அவ்வளவு உறுதியா இல்லைன்னு சொன்னாங்க. அதனால நான் இந்த வேலியை மட்டும் நம்பி எழுதலை. அம்மா விழாம இருக்கிறதே எனக்குப் போதுமான காரணம்.

வாங்குறப்போ

கடலூர் மாதிரி ஊர்ல பெரியவங்க ஃப்ளூ ஊசி எங்கே கிடைக்கும்னு கேட்டா முழிப்பாங்க. ஒரு சின்ன ட்ரிக்: குழந்தை டாக்டர் கிளினிக்குக்கு போன் பண்ணுங்க. குழந்தைகளுக்கு இந்த ஊசி வழக்கமா போடுறதால அங்கேதான் ஸ்டாக் இருக்கும், ஃபிரிட்ஜும் ஒழுங்கா இருக்கும். இந்த மருந்து 2 முதல் 8 டிகிரி குளிர்லயே இருக்கணும். மெடிக்கல்ல வாங்கி, கவர்ல போட்டு, வெயில்ல அரை மணி நேரம் பைக்ல கொண்டு போற வேலையே வேண்டாம். எங்கே ஸ்டாக் இருக்கோ அங்கேயே போட்டுக்கிறது நல்லது.

பெட்டி மேல எந்த வருஷத்து மருந்துன்னு அச்சடிச்சிருக்கும். உலக சுகாதார நிறுவனம் பிப்ரவரியில் ஒரு தடவையும் செப்டம்பர்ல ஒரு தடவையும் ரகங்களை மாத்திப் பரிந்துரைக்கும், அதை வெச்சுத்தான் புது மருந்து வரும். போன சீசன் சரக்கைக் குறைஞ்ச விலைக்குத் தர்றேன்னா வேண்டாம்னு சொல்லிடுங்க. போட்டு ரெண்டு வாரம் கழிச்சுத்தான் பாதுகாப்பு முழுசா வரும். அதனால தீபாவளிக்கு ஊருக்குப் போனப்போ போட்டுக்கலாம்னு தள்ளாதீங்க. மழை தொடங்குறதுக்கு ரெண்டு வாரம் முன்னாடியே போட்டா சரியா இருக்கும். தவறிப் போனாலும், நவம்பர்ல போடுறது போடாம இருக்கிறதைவிட மேல்.

இது செயலிழக்க வெச்ச கிருமியில் செய்யுற ஊசி, இதனால ஃப்ளூ வராது. கை வலி, ஒரு நாள் லேசான காய்ச்சல் வரலாம். முன்னாடி ஏதாவது தடுப்பூசிக்குக் கடுமையான அலர்ஜி வந்திருந்தாலோ, இப்போ காய்ச்சல் இருந்தாலோ டாக்டர்கிட்ட முதல்லயே சொல்லிடணும். நான் டாக்டர் இல்லை, நான் சொல்றது பணக் கணக்கு மட்டும்தான்.

இன்சூரன்ஸ்ல வருமா? சாதாரண ஹெல்த் பாலிசி எல்லாம் ஆஸ்பத்திரியில் படுத்தாத்தான் பேசும். தடுப்பூசிச் செலவு பொதுவா அதுல வராது. ஓ.பி.டி. கவர் இருக்கிற சில பாலிசியில் வரும், உங்க கம்பெனி குரூப் பாலிசியை எடுத்துப் பாருங்க. முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டம் வருஷத்துக்கு 5 லட்சம் வரைக்கும் சிகிச்சைக்குக் கொடுக்கும், இதுக்குக் கொடுக்காது. வரி விஷயம் இன்னும் சுருக்கம்: பழைய வரிமுறையில் இருந்து, 60 வயசு தாண்டின பெற்றோருக்கு ஹெல்த் இன்சூரன்ஸே இல்லைன்னா, அவங்க மருத்துவச் செலவை 50,000 ரூபாய் வரைக்கும் வரிக்கழிவாக் காட்டலாம். ரொக்கமா கட்டியிருக்கக் கூடாது. புது வரிமுறையில் இருக்கிறவங்களுக்கு அதுவும் கிடையாது. டேக்ஸ் மிச்சமாகும்னு நினைச்சு இதைச் செய்யாதீங்க.

அண்ணன் தம்பி அக்கா தங்கை இருக்கிற வீட்டுல இந்தப் பணத்தைப் பங்கு போடுங்க. அம்மாவோட உழைப்பு யாரோ ஒருத்தர் வீட்டுல நடக்குதுங்கிறதால செலவும் அந்த வீட்டோடதுன்னு ஆகாது. கூடவே இருக்கிற அண்ணி ராத்திரி எழுந்து பார்க்கிறாங்கன்னா, வெளியூர்ல இருக்கிறவங்க கட்டுறதுதான் நியாயம். அண்ணிக்கும் சேர்த்து.

"எனக்கு எதுக்குப்பா ஊசி"

பணத்தைவிடப் பெரிய தடை இதுதான். "எனக்கு எதுக்குப்பா, ஆயாவுக்குப் போடு", "அந்தக் காசுக்கு ரெண்டு மாச மாத்திரை வாங்கலாம்", "சுக்குக் கஷாயம் குடிச்சா போதும்". தனக்குன்னு ஒரு ரூபாய் செலவு பண்ணினா குத்தம்னு நினைக்கிற தலைமுறை அது. "உங்க உடம்புக்காக"ன்னு சொன்னா கேட்க மாட்டாங்க. "நீங்க படுத்தா ஆயாவை யார் பார்ப்பா?"ன்னு ஒரே கேள்வி கேளுங்க. எங்க வீட்டுல இது ஒண்ணுதான் வேலை செஞ்சுது. இதுல எனக்கு வருத்தமும் உண்டு, அவங்க உடம்பு அவங்களுக்காகவே முக்கியம்னு அவங்க நம்பலையேன்னு. ஆனா அந்தப் பஞ்சாயத்தை ஊசி போட்டதுக்கு அப்புறம் பேசிக்கலாம்.

ஊசிக்குப் போற அந்த ஒரு மணி நேரம் ஆயாகிட்ட யார் இருப்பாங்கன்னும் சேர்த்து யோசிங்க. 1,800 ரூபாய் அனுப்பிட்டு "போட்டுக்கோங்கம்மா"ன்னு சொன்னா அது நடக்காது. யாராவது வந்து உட்காரணும். ஒரு சனிக்கிழமை நீங்களே போய் உட்காருங்க.

அரசாங்கம் ஏன் கட்டணும்

பிரிட்டன்ல ஒரு வழக்கம் இருக்கு. வயசானவரையோ மாற்றுத்திறனாளியையோ முக்கியமா பார்த்துக்கிற ஆளா நீங்க இருந்து, நீங்க படுத்துட்டா அவங்க நிலைமை ஆபத்தாகும்னா, உங்களுக்கு ஃப்ளூ ஊசி இலவசம். உங்க வயசு 30 ஆ இருந்தாலும், உங்களுக்கு எந்த நோயும் இல்லாட்டியும் உண்டு. இந்த விதியில் எனக்குப் பிடிச்சது அதுக்குப் பின்னாடி இருக்கிற யோசனை. பார்த்துக்கிறவங்க விழுந்தா ரெண்டு பேர் விழுவாங்கன்னு ஒரு அரசாங்கம் எழுத்துல ஒத்துக்கிட்டிருக்கு.

நம்ம தேசியத் தடுப்பூசி அட்டவணையில் இன்ஃப்ளூயன்ஸாவே இல்லை. ஹஜ் போற வயசானவங்களுக்கு அரசு இந்த ஊசியைப் போடுது, அதனால வாங்கவே வழி இல்லைன்னு சொல்ல முடியாது. வீட்டில் பார்த்துக்கிறவங்கங்கிற ஒரு பிரிவு எந்தப் பட்டியல்லயும் இல்லைங்கிறதுதான் பிரச்சினை.

தமிழ்நாட்டுல அந்தப் பட்டியலைத் தயாரிக்கிறது கஷ்டமே இல்லைங்கிறது என் வாதம். 2021 ஆகஸ்ட்ல தொடங்கின மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்துல பெண் தன்னார்வலர்கள் பிரஷர், சுகர் மாத்திரையை வீட்டுக்கே கொண்டு வர்றாங்க. படுக்கையில் இருக்கிறவங்களுக்கு வலி நிவாரணப் பராமரிப்பும் பிசியோதெரபியும் வீட்டுலயே கிடைக்குது. 2024-ல் ஐ.நா. விருதுகூட அந்தத் திட்டத்துக்குக் கிடைச்சது. எந்த வீட்டுல யார் படுத்திருக்காங்கன்னு அவங்க நோட்டுல இருக்கு. கதவைத் திறந்துவிட்டு, மாத்திரையை வாங்கிக்கிட்டு, "நேத்து ராத்திரி தூங்கவே இல்லைங்க"ன்னு சொல்றது யாருன்னும் அவங்களுக்குத் தெரியும். அந்த நோட்டுல இன்னொரு காலம் போட்டு "பார்த்துக்கிறவர் யார்"னு எழுதினா பட்டியல் முடிஞ்சது. வலி நிவாரணப் பராமரிப்பு வாங்குற வீடுகள்ல இருந்து ஆரம்பிச்சா எண்ணிக்கையும் சின்னது.

காசு? தனி ஆள் வாங்குற விலைக்கு அரசு வாங்காது. 1994-ல் தொடங்கின தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் மருந்தை மொத்தமா டெண்டர்ல வாங்குற முறையைப் பார்த்துத்தான் மத்த மாநிலங்கள் கத்துக்கிட்டாங்க. நான் மேல போட்ட 36,000 கணக்கு, விலை மூணுல ஒரு பங்கானா 12,000 ஆகிடும். அப்போ சராசரி நஷ்டமான 10,600-க்குக் கிட்ட வந்துடுது. அரசு ஆஸ்பத்திரியில் ஒரு நிமோனியா நோயாளி பத்து நாள் படுக்குற செலவையும் சேர்த்தா இன்னும் சாதகம். தனி ஆளுக்குக் கட்டுப்படியாகாத கணக்கு அரசுக்குக் கட்டுப்படியாகிற இடம் இது.

அரசியலாவும் இது புதுசு இல்லை. 2023 செப்டம்பர் 15-ல் கலைஞர் மகளிர் உரிமைத் தொகை தொடங்கினப்போ, பெண்களோட சம்பளமில்லாத வீட்டு உழைப்புக்கான அங்கீகாரம்னுதான் அதைச் சொன்னாங்க. உரிமைன்னு பேரும் வெச்சாங்க. மாசம் 1,000 ரூபாய். கேரளாவுல ஆஸ்வாசகிரணம்னு ஒரு திட்டம், படுக்கையில் இருக்கிறவங்களைப் பார்த்துக்கிறவங்களுக்கே மாசம் 600 ரூபாய். உழைப்பை அங்கீகரிச்சாச்சு. அந்த உழைப்பு நடக்கிற உடம்பையும் கொஞ்சம் பார்த்துக்கோங்கன்னு கேட்கிறேன்.

முதல்ல கர்ப்பிணிகளுக்கும் மருத்துவப் பணியாளர்களுக்கும் கொடுக்கட்டும்னு சொல்றவங்க இருக்காங்க. அவங்க சொல்றது சரி. வரிசையில் அவங்க முன்னாடி நிற்கட்டும். வரிசையிலேயே இல்லாத ஒருத்தருக்கு ஒரு இடம் கொடுங்கன்னுதான் சொல்றேன்.

2025-ல் உங்களுடன் ஸ்டாலின் முகாமை ஜூலை 15-ம் தேதி முதலமைச்சர் தொடங்கி வெச்சதே நம்ம சிதம்பரத்துலதான். அந்த வருஷம் நவம்பர் வரைக்கும் வார்டு வார்டா அந்த முகாம் நடந்துச்சு. அதே வருஷம் நலம் காக்கும் ஸ்டாலின் மருத்துவ முகாம்களும் சனிக்கிழமைகள்ல நடந்துச்சு. கடலூர் கலெக்டர் ஆபீஸ்ல திங்கட்கிழமை குறைதீர்க் கூட்டம் வழக்கம்போல உண்டு. மனுவுல நாலே வரி போதும்: வீட்டில் யார் படுத்திருக்காங்க, எத்தனை வருஷமா, யார் பார்த்துக்கிறாங்க, அவங்களுக்கு வருஷா வருஷம் ஃப்ளூ தடுப்பூசி அரசு செலவுல வேணும். மனு ரசீதை வாங்கி போட்டோ எடுத்து வெச்சுக்கோங்க. ஊசி போட்ட கார்டுல தேதியும் பேட்ச் நம்பரும் எழுதி வாங்கி அதே போல்டர்ல போடுங்க, அடுத்த செப்டம்பர்ல தேடாம இருக்கலாம்.